நொட் அண்ணை ஓம் சொன்ன நாள்

உலகத்தில் இங்கிலீஷ் படிக்கிற எல்லோரும் 'ஐ ஆம்' என்றுதான் தொடங்குவார்கள். 'ஐ ஆம் நொட்' என்று தொடங்கிய ஒரே மனிதர் சுவிசின் பீல் நகரத்தில் இருக்கிறார். அவரை எங்களுக்கெல்லாம் நொட் அண்ணையாகத்தான் தெரியும். சொந்தப் பெயரைச் சொன்னால் அவருக்கே இரண்டாவது தரம்தான் காது கேட்கும்.

மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மேசை அவருடையது. நான் முகப்புத் தட்டைப் பொருத்திக் கொடுப்பேன், அவர் முள் பூட்டுவார். அவருடைய இந்த 'நொட்' பைத்தியத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. சுவிசுக்கு வந்த புதிதில் ஜெர்மன் தெரியாமல், யார் எதைக் கேட்டாலும் 'யா, யா' என்று சிரித்தபடி சொல்லியிருக்கிறார். அதன் பலன், நத்தார், புதுவருஷ விடுமுறைக்கெல்லாம் வேலை அவர் தலையில் விழுந்தது. ஒரு குளிர்காலம் முழுக்க மலைப்பாட்டுக் குழு ஒன்றில் பின்வரிசையில் நின்று வாயை மட்டும் அசைத்தார். பல் வைத்தியர் ஒவ்வொரு பல்லாகத் தட்டி, வலிக்கிறதா என்று கேட்டபோதும் 'யா' என்றே சொல்லி, முத்துப்போல இருந்த ஒரு பல்லை இழந்தார்.

அதனால், மகள் ஷாமினி ஸ்கொட்லாந்துப் பையன் ஒருவனைக் கட்டப் போகிறேன் என்று சொன்ன அன்றே, சம்பந்தி வீட்டாருடன் கதைக்க இங்கிலீஷ் படிப்பதென்று முடிவு செய்தார். கூடவே ஒரு கொள்கையையும் வகுத்துக்கொண்டார்.

"ஓம் எண்டு சொல்ல மண்டையை ஆட்டினால் காணும், தங்கச்சி. இல்லை எண்டு சொல்லத்தான் பாஷை வேணும்."

மாலை வகுப்பில் நானும் சேர்ந்தேன். முதல் நாள் டீச்சர் ஒவ்வொருவராகத் தங்களை அறிமுகப்படுத்தச் சொன்னார். நொட் அண்ணை எழுந்து, "மை நேம் இஸ் நொட் பீட்டர்" என்றார். ஊர் எது என்று கேட்டதற்கு, "ஐ ஆம் நொட் ஃப்ரம் சூரிச்" என்றார். எத்தனை பிள்ளைகள் என்று டீச்சர் ஆவலோடு கேட்க, தனக்கு இரண்டு இல்லை, மூன்றும் இல்லை என்று நிறுத்தினார். ஒன்றுதான் என்று கண்டுபிடித்த டீச்சர், தானே பரீட்சையில் பாஸானவர் மாதிரிச் சிரித்தார். இடைவேளையில் கோப்பி வேண்டுமென்றால் "நொட் டீ, ப்ளீஸ்" என்பார். கோப்பி வந்துவிடும்.

பிறகுதான் அவர் 'டூ'வைச் சந்தித்தார். 'ஐ கோ நொட்' என்று அவர் எழுதியதை டீச்சர் 'ஐ டோன்ட் கோ' என்று திருத்திவிட, மனிதர் கொதித்துப் போனார்.

"போகேல்லை எண்டு சொல்லத்தானே வந்தனான். இடையிலை இந்த 'டூ' ஆர்? புரோக்கரோ?"

தமிழில் இல்லை என்பது வினைச்சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். ஜெர்மன்காரன் பின்னால் ஒரு சொல்லை வைத்தால் முடிந்தது. பிரெஞ்சுக்காரன் இரண்டு சொல்லை, பொலிஸ்காரரைப் போல முன்னுக்கும் பின்னுக்கும் நிறுத்துகிறான். இங்கிலீஷ்காரன் மட்டும் ஏன் வெளியாளைக் கூப்பிடுகிறான் என்று ஒரு வாரம் மேசையில் ஒரே ஆராய்ச்சி. அடுத்த வாரம் கோபம் காதலாக மாறிவிட்டது. 'ஹீ கோஸ்' என்பது 'ஹீ டஸின்ட் கோ' ஆகும்போது, 'கோ'வின் வாலில் கிடந்த எஸ்ஸை 'டூ' பறித்துக்கொள்கிறது என்று கண்டுபிடித்தார். 'வென்ட்' என்று போனவன், 'டிட்ன்ட்' வந்ததும் பழையபடி 'கோ'வாகித் திரும்பி வந்து நிற்கிறான் என்றும் கண்டுபிடித்தார். சிரித்த சிரிப்பில், பூட்டவிருந்த நிமிட முள் பறந்துபோனது. ஷெஃப் என்று நாங்கள் கூப்பிடும் மேலாளர் வந்து தானும் குனிந்து தேடினார். என்ன விஷயம் என்று கேட்டவருக்கும் இலக்கண விளக்கம் நடந்தது.

இப்படியிருக்க, சம்பந்தி வீட்டார் எடின்பரோவிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். நொட் அண்ணையின் மனைவி காலமாகிப் பல வருடமாகிவிட்டதால், ஷாமினியோடு நானும் சமையலுக்கு நின்றேன். இடியப்பம், சொதி, கோழிக்கறி. மாப்பிள்ளை ஆண்ட்ரூ கையால் சாப்பிட்டுக் காட்டினான். அவனுடைய அப்பா ஒன்றும் பேசாமல் மூன்றாம் முறையும் சொதி ஊற்றிக்கொண்டார். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது.

அப்போது ஆண்ட்ரூவின் அம்மா, மிகவும் மரியாதையாக, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டார். கல்யாணத்துக்குப் பிறகு ஷாமினி எடின்பரோவில் வந்து இருப்பதில், "யூ டோன்ட் மைண்ட், டூ யூ?"

'டோன்ட்' என்ற சொல் காதில் விழுந்ததும் நொட் அண்ணையின் முகம் மலர்ந்தது. சொந்த ஊர்க்காரனைக் கண்ட மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யெஸ்" என்றார். தலையையும் எங்கள் வழக்கப்படி இரண்டு பக்கமும் ஆட்டினார்.

அந்த அம்மாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. சரியாகத்தான் கேட்டோமா என்று திரும்பவும் "யூ டோன்ட் மைண்ட்?" என்றார். அண்ணை இன்னும் உற்சாகமாக, "யெஸ், யெஸ், யெஸ்" என்றார்.

எனக்கு விளங்கிவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் ஷாமினி சொதிச் சட்டியை வைத்துவிட்டு எழுந்தாள். எடின்பரோ பேச்சை எடுத்தாலே அப்பா கதையை மாற்றிவிடுகிறார் என்ற பயம் அவளுக்கு ஏற்கெனவே இருந்தது. "இதை எனக்கு முதலே சொல்லியிருக்கலாமே அப்பா" என்று மட்டும் சொல்லி வெளியே போனாள். ஆண்ட்ரூ பின்னால் ஓடினான். அவனுடைய அம்மா சாப்பாட்டுக்கு நன்றி சொல்லி, கணவரோடு கொஞ்சம் நடந்துவிட்டு வருவதாகக் கிளம்பினார்.

"நான் ஓம் எண்டுதானே சொன்னனான்?" என்று நொட் அண்ணை என்னைக் கேட்டார்.

தமிழில் 'மறுப்பில்லையோ' என்று கேட்டால், மறுப்பில்லை என்பதற்கு ஓம் என்போம். இங்கிலீஷில் அதற்கு 'நோ' என்றுதான் சொல்லவேண்டும், 'யெஸ்' என்றால் மறுப்பு இருக்கிறது என்றாகிவிடும் என்று விளக்கினேன். அவர் அடுத்த நொடி வீட்டுச் செருப்போடு படியிறங்கிவிட்டார். நான் அவருடைய சப்பாத்தையும் கோட்டையும் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள், நான் அவரை வீட்டை விட்டுத் துரத்துகிறேன் என்றே நினைத்திருப்பார்கள்.

ஏரிக்கரைப் படகுத்துறையில் நால்வரும் நின்றார்கள். ஷாமினியின் கண் சிவந்திருந்தது. நொட் அண்ணை அவர்களுக்கு முன்னால் போய் நின்று மூச்சு வாங்கினார். பிறகு தொடங்கினார். "ஐ டோன்ட் மைண்ட். ஐ டிட்ன்ட் மைண்ட். ஐ வோன்ட் மைண்ட். ஐ ஹாவ்ன்ட் மைண்டட்." முக்காலத்திலும் தனக்கு மறுப்பில்லை என்று அறிவித்தார். படகுக்கு நின்ற சனம் எல்லாம் திரும்பிப் பார்த்தது. ஆண்ட்ரூவின் அம்மா வாயைப் பொத்திச் சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்தார்.

ஷாமினி சிரிக்கவில்லை. "உண்மையாவோ அப்பா?" என்று கேட்டாள்.

"நீ போனால் எனக்கு வீடு வெறிச்சுப் போகும், பிள்ளை. அது வேறை கதை. அதுக்காக நான் மறுப்பனோ?"

அவள் வந்து அவருடைய தோளில் முகம் புதைத்தாள். தமிழ் தெரியாத மற்ற மூவரும் அதை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்கவில்லை. அதுவரை வாயே திறக்காத ஆண்ட்ரூவின் அப்பா வந்து அண்ணையின் கையைப் பிடித்தார். நெடுநேரம் விடவில்லை.

கல்யாணம் எடின்பரோவில் நடந்தது. மருமகனைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நொட் அண்ணை ஒலிவாங்கியைப் பிடித்து, "ஹீ இஸ் நொட் லேஸி. ஹீ டஸின்ட் ஸ்மோக். ஹீ இஸ் நொட் எ பேட் பாய்" என்றார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியதாம்.

திரும்பி வந்து வேலைக்கு வந்த முதல் நாள் வழக்கம்போல வணக்கம் சொன்னார், கல்யாணப் படங்களைக் காட்டினார். ஆனால் மணி அடித்த பிறகும் கோட்டை மெதுவாக, மிக மெதுவாகப் போட்டுக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன். அவருடைய பஸ் வந்தது. நானும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்து, 'நெவர்' என்று ஒரு சொல் இருக்கிறதே, அது எப்படி அண்ணை என்று கேட்டேன். மனிதருக்கு உயிர் வந்தது. இறங்கும் வரை அதைப் பற்றியே கதைத்தார்.

என் வீடு எதிர்த் திசையில் இருக்கிறது.