டாக்ஸிச் செலவும் என் ஸ்கூட்டரும்

இருபத்தோராம் தேதி காலையில் அடுப்பு அணைந்தது. கேஸும் இல்லை, வாங்கக் காசும் இல்லை.

நான் ஒரு லிஃப்ட் கம்பெனியின் உதிரிபாகக் கிடங்கில் ஸ்டோர் கீப்பர். நாலாயிரம் வகைத் திருகாணிகள் என் பொறுப்பு. ஒன்று குறைந்தாலும் எனக்கு மூக்கில் வேர்த்துவிடும். அப்படிப்பட்டவன் வீட்டில், இரண்டு சம்பளம் வந்தும், மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போதே டப்பா காலி. அவமானமாக இருந்தது.

அன்றே முடிவெடுத்தேன். இனி இந்த வீட்டில் பட்ஜெட். ஞாயிறுதோறும் காலை ஒன்பது மணிக்குக் கூட்டம். பூகம்பம் வந்தாலும் கூட்டம் முடிந்த பிறகுதான் வெளியே ஓட வேண்டும்.

மனைவியைக் கூப்பிட்டேன். அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிறவள். எதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள்.

"மாசாமாசம் துண்டு விழுது. கவனிச்சியா?"

"கிளிப் போடாம காயப்போட்டா விழத்தாங்க செய்யும்."

"நான் பட்ஜெட்டைச் சொல்றேன்."

"நான் உங்க துண்டைச் சொன்னேன். சரி, என்ன செய்யணும்?"

இருபது வருடத்தில் அவள் இவ்வளவு சுலபமாகச் 'சரி' சொன்னதில்லை. நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

உங்களிடம் மறைப்பானேன். என் குறி அவளுடைய டாக்ஸி. காலையில் பஸ்ஸில் போகிறவள், கடை எட்டு மணிக்கு மூடியதும் டாக்ஸி பிடித்து வருவாள். எழுபது. தினம் எழுபது. ஸ்கூட்டரில் போய்க் கூட்டி வரலாமே என்பீர்கள். நான் ஆறு மணிக்கு வீடு வந்து காலை நீட்டிவிட்டால் நீட்டியதுதான். மடக்குகிற பழக்கம் கிடையாது.

நேராகச் சொன்னால் சண்டை வரும். கணக்கே சொல்லட்டும் என்று புது நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் நல்ல கையெழுத்தில் எழுதினேன்: 'எது மலிவோ அதுவே ஏற்கப்படும். கணக்கு சொல்வதே முடிவு. மேல்முறையீடு கிடையாது.'

அவள் இரண்டு தரம் படித்தாள்.

"கணக்கு யார் பக்கம் சொன்னாலும்?"

"யார் பக்கம் சொன்னாலும்."

"அப்போ ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க."

போட்டேன். கீழே இரண்டு புள்ளியும் வைத்தேன். ஆசை அடங்காமல், 'சரிபார்க்கப்பட்டது' என்ற கிடங்கு முத்திரையையும் குத்தினேன்.

முதல் ஞாயிறு. அவள் கணக்கு கடைசிக் காசு வரை நேராக நின்றது. என் கணக்கில் நானூற்று முப்பதைக் காணோம்.

"எங்கே போச்சு?"

"மறந்துட்டேன்."

அவள் கோபப்படவில்லை. நோட்டில் 'மறதி' என்று புதிதாக ஒரு பக்கம் திறந்து அதில் எழுதிக்கொண்டாள். எனக்கு ரோஷம் வந்தது. காதில் பென்சிலைச் செருகிக்கொண்டேன். குடித்த டீயை டம்ளர் காயும் முன்னே எழுதினேன். இரண்டாவது டீயை விட்டேன். மூன்றாவது வாரம் மறதி தொண்ணூறுக்கு இறங்கியது. நிஜமாகவே கையில் காசு நின்றது.

ஒரே ஒரு விஷயம். கூட்டம் முடிந்ததும் அவள் மாடிக்குப் போய்விடுவாள். மாடியில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அக்கா குடியிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை ஆனா அங்கே என்ன வேலை?"

"சும்மா, பழகத்தான்."

அக்கம்பக்கத்தில் பழகுவது நல்லதுதானே என்று விட்டுவிட்டேன்.

எட்டாவது ஞாயிறு தொண்டையைச் செருமிக்கொண்டேன். "டாக்ஸி. எழுபது வீதம் இருபத்தஞ்சு நாள். ஆயிரத்து எழுநூத்தம்பது."

"ஆமாங்க, ரொம்ப அதிகம். நிறுத்திடலாம்."

என் நெஞ்சு அகலமானது.

"அடுத்த பக்கத்தைத் திருப்புங்க," என்றாள்.

திருப்பினேன். என் ஸ்கூட்டர். பெட்ரோல் ஆயிரத்து அறுநூறு. பார்க்கிங் முந்நூறு.

"உங்க கிடங்கு பதினாலு கிலோமீட்டர். என் கடை மூணு. வண்டியை நான் எடுத்துட்டுப் போனா பெட்ரோல் நானூறுதான். பார்க்கிங் கிடையாது. டாக்ஸியும் கிடையாது. மூவாயிரத்து இருநூத்தம்பது மிச்சம்."

"நான் எப்படிப் போறது?"

"தெருமுனைக்கு ஏழு பத்துக்கு உங்க கம்பெனி வேன் வருது. இலவசம்."

"உனக்கு யார் சொன்னா?"

"வேன் டிரைவர் எங்க கடையிலதான் கண்ணாடி போட்டார். நாலு வருஷமா உங்க சீட் காலியாவே போகுதாம்."

கடைசி அம்பை எடுத்தேன். "உனக்குத்தான் வண்டி ஓட்டத் தெரியாதே."

ஒரு லைசென்ஸை மேஜையில் வைத்தாள். மை புதுசு. "பழகத்தான் போறேன்னு சொன்னேனே."

மூன்று தரம் கூட்டிப் பார்த்தேன். எங்கேயும் பிசகில்லை.

"நான் ஒத்துக்கலைன்னா?"

அவள் முதல் பக்கத்தைத் திருப்பி என் முத்திரையின் மேல் விரலை வைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "ஷட்டரை இறக்கினப்புறம் டாக்ஸிக்காக அரை மணி நேரம் தனியா நிக்கறேங்க. தினமும். அதையும் எழுதலாம்னு பார்த்தேன். அதுக்கு நீங்க பக்கமே போடலை."

சாவியைக் கொடுத்துவிட்டேன்.

அந்த மாதம் இருபத்தோராம் தேதி கேஸ் இருந்தது, காசும் இருந்தது. கூட்டத்தை ஒரு ஞாயிறுகூட நான் விடவில்லை. வேனைத்தான் ஒரு செவ்வாய்க்கிழமை விட்டுவிட்டேன். ஏழு பதினொன்றுக்குத் தெருமுனையில் மூச்சிரைக்க நின்றபோது பக்கத்தில் ஸ்கூட்டர் வந்து நின்றது. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவள் குரல்.

"ஏறுங்க."

பதினாலு கிலோமீட்டரும் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. ஆயிரம் இருந்தாலும் கட்டிய மனைவி என்று எனக்குக் கண் கலங்கியது. கிடங்கு வாசலில் இறங்கி நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவள் கையை நீட்டினாள்.

"நூறு குடுங்க. நோட்டுல 'இதர வருமானம்'னு ஒரு பக்கம் போடலாம்னு இருக்கேன்."