பாதானந்தா தொடாத கால்

சடையங்குப்பத்தில் விஷம் இறங்கிக்கொண்டிருந்தது. தொழிற்சாலைப் புகைபோக்கிகளிலிருந்து நாள்தோறும் இறங்குகிற விஷத்தைச் சொல்லவில்லை. அதைப் பார்க்க யார் வரப்போகிறார்கள்? இது மனிதர்களின் பாதம் வழியாக இறங்குகிற விஷம். பார்ப்பதற்கு விம்கோ நகரிலிருந்தும் டோல்கேட்டிலிருந்தும் ஷேர் ஆட்டோ பிடித்துக் கூட்டம் வந்தது.

இறக்குபவர் ஸ்ரீலஸ்ரீ பாதானந்தா சுவாமிகள். சொந்த ஊர் இமயமலை என்றது பேனர். இமயமலைக்காரருக்குச் சடையங்குப்பத்தின் மீது திடீர்க் கருணை எப்படிச் சுரந்தது என்று கேட்கக் கூடாது. கேட்டால் உங்கள் மூளையிலும் விஷம் ஏறிவிட்டதாக அர்த்தம்.

வைத்தியம் சுலபம். பந்தலில் ஒரு நாற்காலி, முன்னால் பிளாஸ்டிக் டப், டப் நிறையத் தண்ணீர். சிஷ்யர் மந்திரித்த உப்பை அள்ளிப் போடுவார். பட்டுத்துணி சுற்றிக் குங்குமம் வைத்த 'சக்தி யந்திரத்தை' உள்ளே இறக்குவார். அதிலிருந்து ஒரு ஒயர் மேடைக்கு அடியில் போகும். சக்திக்கும் பேட்டரி தேவைப்படுகிற காலம், என்ன செய்வது! காலை உள்ளே வைத்துக் கண்ணை மூடினால் தண்ணீர் மஞ்சளாகும், பழுப்பாகும், கடைசியில் சாக்கடையாகும். சுவாமிகள் மேடையிலிருந்தே எட்டிப் பார்த்து, எந்த உறுப்பில் எத்தனை வருஷத்து விஷம் என்று மைக்கில் அருளுவார்.

யாருடைய காலையும் அவர் தொடமாட்டார். சிஷ்யர்களும் தொடமாட்டார்கள். பாதத்தை வைத்துத்தான் பிழைப்பு, ஆனால் எங்கள் ஜனங்களின் பாதம் பட்டால் தீட்டு. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பந்தல் வாசலில் ஒரு தகர உண்டியல் இருந்தது. இங்கிலீஷ் மருந்து விஷத்தை உடம்புக்குள் பூட்டிவிடும் என்பது சுவாமிகளின் கண்டுபிடிப்பு. ஆகவே சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, மூச்சிழுப்புக்கான பம்பு எல்லாவற்றையும் பக்தர்கள் அதில் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

இதே ஊரில் அனிஷா என்றொரு பெண் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தாள். விம்கோ நகர் மளிகைக்கடைக்காரர் மகள். அவளும் சில நண்பர்களும் சேர்ந்து, ஜனங்களின் மூச்சு எவ்வளவு பலமாக இருக்கிறது என்று ஒரு ஊதுகுழாயை வைத்துப் பார்ப்பார்கள். மோசமாக இருப்பவர்களை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவார்கள். ஊதினால் குழாயில் முள் நகரும், அவ்வளவுதான். தண்ணீர் நிறம் மாறாது, மைக் கிடையாது. இப்படியொரு கருவியை எந்தப் பைத்தியக்காரன் மதிப்பான்?

அந்த ஞாயிறு செங்கொடியின் மகள் மாயா ஊதினாள். இரண்டாம் வகுப்பு படிக்கிற குழந்தை. போன மாதம் நன்றாக ஏறியிருந்த முள் இன்று பாதிகூட நகரவில்லை. நெஞ்சுக்குள் விசில் கேட்டது.

“பம்பு எங்கேக்கா?” என்று அனிஷா செங்கொடியைக் கேட்டாள்.

“உண்டியல்ல போட்டுட்டேன் தங்கச்சி. புள்ள கால்லேர்ந்து எம்மாங் கலீஜ் வந்துச்சி தெரியுமா? என் கண்ணால பாத்தேன்.”

“அது துருக்கா. உப்புத் தண்ணியில இரும்பை வச்சுக் கரண்ட் விட்டா...”

“படிச்சிட்டா சாமிய வுட நீ பெரிய ஆளா? ராத்திரி பூரா மூச்சு இழுத்துகினு கெடக்குது. பெத்தவ நான் இன்னாதான் செய்றது? சாயங்காலம் இன்னொரு தபா ஒக்கார வெச்சா சரியாய்டும்னு சொல்லிகீறாரு.”

அனிஷா தெருவில் நின்று எல்லோருக்கும் விளக்கினாள். ஒருவரும் கேட்கவில்லை. ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வர, வீடு வீடாகப் போக நண்பர்கள் அமர்த்தியிருந்த ஆட்டோவில் போய் உட்கார்ந்தாள்.

ஆட்டோ ஓட்டுபவர் ஜெயவேல். ஹார்பர் ரோட்டில் டிரெய்லர் மோதி இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். இப்போது இருப்பது தோல் நிறத்தில் ரப்பர் பாதம். ஊர் முழுக்கத் தெரிந்த கால். அனிஷாவின் பார்வை அங்கே போய் நின்றது.

“அண்ணே, உங்க காலைக் கொஞ்சம் கடன் தர்றீங்களா?”

“எத்த? ஒர்ஜினலா, டூப்ளிகேட்டா?”

“டூப்ளிகேட்.”

ஜெயவேல் ஆட்டோ குலுங்கச் சிரித்தார்.

சாயங்காலம் பந்தலில் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். “வலது கால்ல புண்ணு கீது சாமி, நனைக்கக் கூடாது” என்று சொல்லி, பேன்ட்டைக் கொஞ்சமாக மடித்து, இடது காலை மட்டும் டப்பில் வைத்தார். மாயாவை மடியில் வைத்துக்கொண்டு செங்கொடி அடுத்த ஆளாகக் காத்திருந்தாள். கூட்டம் வாயைத் திறக்கவில்லை. முக்காலமும் அறிந்தவருக்கு ஒரு முழங்கால் தெரியாதா என்ற நம்பிக்கைதான்.

உப்பு விழுந்தது. யந்திரம் இறங்கியது. தண்ணீர் மஞ்சளாகிப் பழுப்பானது. சுவாமிகள் எட்டிப் பார்த்தார்.

“அடடா! இருபது வருஷத்து நிலக்கரித் தூசி! கல்லீரலிலிருந்து இந்தக் கால் நரம்பு வழியாக இறங்குகிறது பாருங்கள். வலி இருக்கிறதா மகனே?”

“இல்ல சாமி.”

“பார்த்தீர்களா, விஷம் இறங்கியதும் வலி போய்விட்டது!”

“இதுல என்னிக்குமே வலி வந்ததில்ல சாமி.” ஜெயவேல் ரப்பர் காலைக் கட்டியிருந்த வாரைக் கழற்றினார். தண்ணீர் சொட்டச் சொட்டக் காலை எடுத்து மேடையில் வைத்தார். “போன பொங்கலுக்குத்தான் மாட்னாங்க. அதுக்குள்ள இருவது வருசத் தூசி எப்டி பூந்துச்சி? நரம்பு எங்க கீது, தொட்டுக் காட்டு.”

சுவாமிகள் பின்னால் நகர்ந்தார். அப்போதும் தொடவில்லை. முதலிலேயே தொட்டுப் பார்த்திருந்தால் பிழைத்திருப்பார், பாவம்.

ஆனாலும் ஞானிகள் சுலபத்தில் தோற்பார்களா? “ரப்பரும் இதே காற்றில்தானே இருக்கிறது! அதற்கும் விஷம் ஏறும்!”

“அதுவும் கரெக்ட்டுதானே?” என்று முன்வரிசையில் இருந்த பூவம்மா தலையாட்டினாள். ஏமாறுவதென்று முடிவு செய்துவிட்டால் நம் ஜனங்களின் உழைப்பே தனி!

அனிஷா மேடையருகே வந்தாள். அவளே புதுத் தண்ணீர் பிடித்து, அவர்கள் உப்பைப் போட்டு, அவர்கள் யந்திரத்தையே இறக்கினாள். “இப்ப யாரும் கால் வைக்காதீங்க. சும்மா பாத்துக்கிட்டே இருங்க.”

எவர் காலும் இல்லாத தண்ணீர் மஞ்சளானது. பிறகு பழுப்பானது. அவள் யந்திரத்தைத் தூக்கிப் பட்டுத்துணியை உருவினாள். உள்ளே துருப்பிடித்து அரித்துப்போன இரும்புச் சுருள்.

இந்த முறை பூவம்மாவே எழுந்தாள். “இது யாரு கல்லீரலு சாமி?”

பதில் சொல்லச் சாமி அங்கே இல்லை. பந்தலின் பின்பக்கம் ஒரு கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. சிலர் துரத்திக்கொண்டு ஓடினார்கள்.

செங்கொடி ஓடவில்லை. ஒரு கருங்கல்லை எடுத்து உண்டியல் பூட்டின் மேல் போட்டாள். சிதறிய மாத்திரைகளுக்கு நடுவே தேடி, பம்பை எடுத்துக் குழந்தையின் வாயில் வைத்தாள். மாயா இழுத்தாள். இன்னொரு முறை இழுத்தாள். எல்லோரும் அந்தச் சின்ன நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விசில் மெல்ல மெல்ல அடங்கியது.

“என் கையாலயே கொண்டாந்து போட்டனே!” என்று செங்கொடி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அனிஷா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜெயவேல் காலைத் துடைத்து மாட்டிக்கொண்டார். “கால்ல வந்தது துருன்னு தெரிஞ்சி பூட்ச்சி. அப்போ மூச்சுல போறது இன்னா நைனா? அத்த யாரு கேக்கறது?”

வெறும் தண்ணீரில் விஷம் காட்டியவனுக்குக் காணிக்கை கொடுத்துவிட்டுக் குனிந்து குனிந்து பார்த்தோம். தலைக்கு மேலே புகைபோக்கி அதை இலவசமாகவே காட்டிக்கொண்டிருக்கிறது. டப்பைப் பார்த்தது போதும் ஐயா, கொஞ்சம் நிமிர்ந்தும் பாருங்கள்.