பிங் சாரும் மஸ்கட் முறுக்கும்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இன்டர்நெட்டை இவ்வளவு உருகி உருகி நேசித்தவரும் கிடையாது, இவ்வளவு கேவலமாகத் திட்டியவரும் கிடையாது. இரண்டும் ஒரே ஆள். ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் நாங்கள் குடியிருந்தபோது கீழ் வீட்டில் இருந்தவர். ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்குக் கட்டாயம் இருந்திருக்கும். தெருவில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. பிங் சார். அவ்வளவுதான்.

நாங்கள் மாடிக்குக் குடிவந்த அன்று, அடுப்பில் பால் பொங்கும் நேரத்தில் படியேறி வந்தார். புதிதாகக் குடிவந்தவரிடம் எந்த ஊர், எங்கே வேலை என்று கேட்பது உலக வழக்கம். இவர் வாசலில் நின்றபடி, "சார், உங்க நெட்ல பிங் எவ்ளோ வருது?" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளேயிருந்து என் மனைவி, "பிங்க் கலர்ல என்னங்க கேக்கறாரு?" என்றாள்.

அவரே விளக்கினார். "கம்ப்யூட்டர்ல கேம் ஆடறோம். நாம ஒரு பட்டனை அமுக்கினா, அது கம்பி வழியா எங்கேயோ இருக்கற கேம்காரன் மெஷினுக்குப் போயிட்டுத் திரும்பி வரணும். அந்தப் போக்குவரத்து நேரம்தான் பிங். கம்மியா இருந்தா நாம சுடலாம். ஜாஸ்தியா இருந்தா நம்மளச் சுட்டுருவாங்க."

அறுபதைத் தாண்டிய மனிதர், நெற்றியில் விபூதி, தோளில் துண்டு. நான் பயந்துபோய், "யாரு சார் சுடுவாங்க?" என்று கேட்டேன்.

அப்படித்தான் எங்கள் நட்பு ஆரம்பித்தது.

விளையாட்டு இதுதான்: விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்க வேண்டும், துப்பாக்கி தேட வேண்டும், கண்ணில் பட்டவனையெல்லாம் சுட வேண்டும், கடைசியில் மிஞ்சும் அணி ஜெயிக்கும். பிங் சாரின் அணி ஜெயித்து நான் பார்த்ததில்லை. குதித்து, இறங்கி, துப்பாக்கியைக் குனிந்து எடுக்கும்போதே செத்துவிடுவார். உடனே நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, "லேக்!" என்று கத்துவார். படம் நின்று நின்று வருவதற்கு அந்த உலகத்தில் லேக் என்று பெயர். பிங் சார் ஒரு தடவைகூடத் தன் தப்பால் செத்ததில்லை. எல்லாம் லேக்கால் நிகழ்ந்த மரணங்கள்.

லேக்கை ஒழிக்க அவர் செய்யாத காரியம் இல்லை. முதலில், சூட்டினால்தான் கம்ப்யூட்டர் திணறுகிறது என்று பெட்டியின் ஒரு பக்கக் கதவைக் கழற்றிவிட்டு, எதிரே டேபிள் ஃபேன் வைத்தார். வெயில் ஏற ஏற ஃபேன் காற்றும் சுட்டது. ஜன்னலில் வெட்டிவேர் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்தார். இரண்டு நாள் கம்ப்யூட்டர் கோயில் கர்ப்பக்கிரகம் மாதிரி மணத்தது. மூன்றாம் நாள் ஈரம் உள்ளே இறங்கி, கம்ப்யூட்டர் உயிரை விட்டது. பிங் சார் பாகங்களைக் கழற்றி முறத்தில் பரப்பி மொட்டை மாடிக்குக் கொண்டுவந்தார். ஏற்கெனவே அங்கே அவர் வீட்டம்மா மோர்மிளகாய் காயவைத்திருந்தார்.

"ஏங்க, அதைக் கொஞ்சம் தள்ளி வைங்க. மிளகாய்ல கம்ப்யூட்டர் வாசனை வந்துரப்போகுது."

"கம்ப்யூட்டர்ல மிளகா வாசனை வந்தா நான் என்ன பண்றது?"

எப்படியோ அது மறுபடி உயிர் பெற்றது. அடுத்து வைஃபை பெட்டி. அதைக் கையில் ஏந்திக்கொண்டு கைக்குழந்தையைத் தூங்கவைப்பவர் போல வீடு முழுக்க நடந்தார். சாமி அலமாரியில்தான் சிக்னல் நன்றாக வருகிறது என்று கண்டுபிடித்து, பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அந்த அம்மா தினமும் விளக்கேற்றும்போது அதற்கும் ஒரு பூ வைத்தார். கேட்டால், "பக்கத்துல இருக்கறவங்களை விட்டுட்டா நல்லாவா இருக்கும்?" என்றார்.

படத்தின் தரத்தைக் குறைத்தால் வேகம் கூடும் என்று யாரோ சொல்ல, குறைக்க முடிந்ததையெல்லாம் குறைத்தார். நான் பார்த்தபோது அந்தத் தீவு பரிதாபமாக இருந்தது. மரம் குச்சியாக நின்றது. வீட்டுக்கு நிழல் இல்லை. மனிதர்களின் முகம் கொழுக்கட்டை மாதிரி மொழுக்கென்று இருந்தது.

"என்ன சார், மரத்துல இலையே காணோம்?"

"இலை எதுக்கு சார்? நாம என்ன பறிக்கவா போறோம்?"

"ஆளுங்களுக்கு மூக்கு கண்ணாவது வெச்சிருக்கலாம்."

"சுடப்போற ஆளு சார். பொண்ணா குடுக்கப் போறோம்?"

வெள்ளிக்கிழமை காலை வந்தால் வீடே நடுங்கும். அதுதான் அவருடைய அணி கூடும் நேரம். மோட்டார் போடக் கூடாது, வோல்டேஜ் இறங்கும். மிக்ஸி கூடாது. எங்கள் வீட்டு நெட் வேறு, அவர் வீட்டு நெட் வேறு. இருந்தாலும் மாடிப்படியில் நின்று, "சார், கொஞ்ச நேரம் வீடியோ பாக்காதீங்க, ப்ளீஸ்!" என்று குரல் கொடுப்பார். பிறகு ஒரு மணி நேரம் கீழேயிருந்து ஒரே சத்தம்தான்.

"ப்ரோ, லெஃப்ட்ல வாங்க ப்ரோ! கேக்குதா ப்ரோ? உடையுது ப்ரோ! பாதிதான் கேக்குது ப்ரோ!"

பேரன் எடுத்த வயதில் யாரை இப்படி ப்ரோ ப்ரோ என்கிறார் என்று எனக்கு ஆச்சரியம். ஒருநாள் படியில் அந்த அம்மாவைப் பார்த்தபோது கேட்டேவிட்டேன்.

"அக்கா, யாருக்கா அந்த ப்ரோ?"

அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவர் தம்பிதாங்க."

"தம்பியா? சொந்தத் தம்பியா?"

"கூடப் பொறந்தவர். மஸ்கட்ல ஸ்டோர் கீப்பரா இருக்கார். அங்க வெள்ளிக்கிழமைதான் லீவு. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது."

எனக்குத் தலை சுற்றியது. அக்கா பொறுமையாகச் சொன்னார். மண்ணச்சநல்லூரில் தம்பி மகள் கல்யாணம். குடும்பத்தோடு போட்டோ எடுக்கும்போது அண்ணனை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை. அவர் அந்த நேரம் பந்தியில் இரண்டாவது தடவை பாயசம் வாங்கிக்கொண்டிருந்தார் என்பது வேறு விஷயம். 'என்னை விட்டுட்டு போட்டோவா?' என்று கிளம்பி வந்தவர்தான். தம்பியும், 'மொய்யெழுதாமக்கூடப் போன அண்ணன்' என்று முறுக்கிக்கொண்டார். வருஷக்கணக்காகப் போன் இல்லை. பிறகு அந்தக் கல்யாணப் பெண்ணே ஒருநாள் பெரியம்மாவுக்குப் போன் செய்து, அப்பா மஸ்கட்டில் ஒரு கேம் ஆடுகிறார், அதில் அவர் பெயர் 'மஸ்கட் முறுக்கு' என்று சொல்லியிருக்கிறாள். அக்கா அதைச் சாப்பாடு போடும்போது சொன்னார். பிங் சார், "எனக்கென்ன அதைப் பத்தி?" என்றார். அடுத்த வாரம் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. 'கொள்ளிடம் கிங்' என்ற பெயரில் மஸ்கட் முறுக்கின் அணியில் போய்ச் சேர்ந்துகொண்டார்.

"தம்பிக்குத் தெரியுமா, இவர்தான்னு?"

"தெரியும். இவருக்குத் தெரியும்ங்கறதும் அவருக்குத் தெரியும். ரெண்டும் தெரியாத மாதிரியே ப்ரோ ப்ரோன்னு கூப்ட்டுக்குதுங்க."

"நேரா போன் பண்ணிரலாமேக்கா?"

"கேட்டேங்க. போன் பண்ணா யார் முதல்ல பேசறதுன்னு தகராறு வருமாம். கேம்ல அந்தப் பிரச்சினை இல்லையாம். பின்னாடி எதிரி வந்தா, யார் பாக்கறாங்களோ அவங்க பேசித்தானே ஆகணும்?"

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் நானாகவே மோட்டாரை நிறுத்திவிடுவேன்.

அந்த வருஷம் சித்திரைத் தேர் வெள்ளிக்கிழமையில் வந்தது. தேரோட்டத்துக்கு முன்பே சித்திரை வீதிகளில் கரண்டை நிறுத்திவிடுவார்கள். குறுக்கே போகும் கேபிள்களையெல்லாம் இறக்கிவிடுவார்கள். ஸ்ரீரங்கத்தில் இருப்பவனுக்கு இது தெரிந்ததுதான். பிங் சாரும் ஒரு வாரம் விளையாட்டு இல்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தார். தேருக்கு முந்தின நாள் மாடிக்கு வந்து நின்றார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"சார், நாளைக்குத்தான் கடைசி மேட்ச்சாம். அந்த ப்ரோவுக்கு வேலை முடியுதாம். ஊரோட வர்றாராம்."

"நல்லதுதானே சார்? எந்த ஊர்?"

"மண்ணச்சநல்லூர்."

ஆற்றைத் தாண்டினால் மண்ணச்சநல்லூர். தம்பி மஸ்கட்டில் இருந்தவரை வாரா வாரம் பேச்சு இருந்தது. பக்கத்து ஊருக்கு வந்துவிட்டால் நின்றுவிடும்.

"அங்க அவர் வீட்டுல கம்ப்யூட்டர் கிடையாது சார். அப்பறம் எப்படி…" என்றவர் முடிக்காமல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அன்றைக்கு என் மாமனாரும் மாமியாரும் தேர் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். திருச்சி கே.கே. நகரில் அவர்கள் வீடு பூட்டிக் கிடந்தது. நல்ல நெட் உண்டு. சாவியை வாங்கினேன். மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். பிங் சாரின் மடியில் கம்ப்யூட்டர் பெட்டி. என் மடியில் போர்வை சுற்றிய மானிட்டர். அக்கா வாசலில் நின்று, "நான் பெருமாளைப் பாத்துக்கறேன். நீங்க உங்க ப்ரோவைப் பாருங்க" என்று வழியனுப்பினார். ஊர் உலகமே ஸ்ரீரங்கத்துக்குள் வந்துகொண்டிருக்க, எங்கள் ஆட்டோ மட்டும் எதிர்த்திசையில் போனது. ஆட்டோக்காரர் போர்வையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்கா சார்?" என்று மெதுவாகக் கேட்டார்.

மாமனார் வீட்டு ஹாலில் எல்லாவற்றையும் மாட்டி முடித்து ஆட்டத்தைத் திறந்தார் பிங் சார். திரையின் மூலையில் பிங் எண்ணைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அவ்வளவு குறைவான எண்ணை அவர் வாழ்நாளில் கண்டதில்லை. படம் வெண்ணெயாக ஓடியது.

"ஸ்பீக்கர்ல போடறேன் சார். நீங்களும் கேளுங்க. லேக் இல்லேன்னா நான் எப்படி ஆடுவேன்னு இன்னிக்குப் பாருங்க."

விமானத்திலிருந்து குதித்தார்கள். ஸ்பீக்கரில் மஸ்கட் முறுக்கின் குரல் ஒரு எழுத்துக்கூட உடையாமல் வந்தது.

"ப்ரோ, உங்க குரல் இன்னிக்கு நல்லா கேக்குது."

"உங்களுதும்தான் ப்ரோ. சளி பிடிச்சிருக்கா?"

"ஏசி ப்ரோ."

"சுக்கு கஷாயம் வெச்சுக் குடிங்க ப்ரோ."

கொஞ்ச நேரம் இருவரும் ஒரு சுவரோரமாக ஓடினார்கள். பிங் சார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஊருக்குப் போனப்பறமும் ஆடலாமே ப்ரோ?"

"அங்க நெட்டு எப்படியோ ப்ரோ."

"பக்கத்துல ஸ்ரீரங்கத்துல நெட்டு பிரமாதமா இருக்குன்னு சொல்றாங்க ப்ரோ."

இத்தனை வருஷம் ஸ்ரீரங்கத்து நெட்டைத் தெருவே காதைப் பொத்திக்கொள்ளும்படி திட்டியவர் சொல்கிறார் இதை. சுவர் முடிந்து வெட்டவெளி வந்தது. திடீரென்று ஸ்பீக்கர் அலறியது.

"அண்ணே! பின்னாடி!"

பிங் சாரின் இரண்டு கையும் கீபோர்டை விட்டு எழுந்துவிட்டன. திரையில் கொள்ளிடம் கிங் வெட்டவெளியில் கோயில் தூண் மாதிரி நின்றார். பின்னால் வந்தவன் நிதானமாகக் குறி பார்த்துச் சுட்டான். பக்கத்தில் மஸ்கட் முறுக்கும் அசையாமல் நின்றார். அவரையும் சுட்டான்.

ரொம்ப நேரம் கழித்து ஸ்பீக்கரில் தயங்கித் தயங்கி ஒரு குரல் வந்தது.

"ப்ரோ… லைன்ல இருக்கீங்களா?"

பிங் சார் மைக்கைக் கிட்டே இழுத்தார்.

"இருக்கேன்டா."

நான் எழுந்து, அந்த வீட்டில் எனக்கு ஒரு வேலையும் இல்லாத சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். ஹாலிலிருந்து, "அண்ணியா? தேர் பாக்கப் போயிருக்கா… நீ சாப்ட்டியா?" என்று கேட்டது.

சாயங்காலம் வீடு திரும்பியதும் அக்கா கேட்டார். "ஜெயிச்சீங்களா?"

"இல்ல. லேக்" என்றார் பிங் சார்.

தம்பி ஊருக்கு வந்தார். முதல் நாள் அண்ணன் வீட்டு ஹாலில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஃபேனைப் பார்த்தார்களாம், தரையைப் பார்த்தார்களாம். காபி ஆறியது. ஒரு வார்த்தை வரவில்லை. அக்காதான் பொறுக்கமாட்டாமல், "போய் ரெண்டு பேரும் ஆடித் தொலைங்க, அப்பவாவது வாயைத் திறப்பீங்க" என்று விரட்டியிருக்கிறார். இரண்டாவது கம்ப்யூட்டர் வந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் பஸ் பிடித்து வந்துவிடுகிறார் தம்பி. தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்துகொண்டு, ஹெட்செட் மாட்டிக்கொண்டுதான் பேசுகிறார்கள். "நேரா பேசினா என்னவோ மாதிரி இருக்கு சார்" என்கிறார் பிங் சார்.

நாங்கள் இப்போது கே.கே. நகருக்கே வந்துவிட்டோம். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஸ்ரீரங்கம் போயிருந்தேன். மூன்றாவதாக ஒரு நாற்காலியும் எதிரே இன்னொரு கம்ப்யூட்டரும் போட்டிருந்தார்.

"உங்களுக்கும் ஒரு பேர் போட்டு வெச்சிருக்கேன் சார். 'மாடி வீட்டு சார்'னு."

எனக்குச் சுடவும் தெரியாது, ஓடவும் தெரியாது. இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே அடிபட்டு மைதானத்தின் நடுவில் விழுந்தேன். அந்த ஆட்டத்தில் விழுந்தவனைக் கூட்டாளி யாராவது வந்து தூக்கிவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம்.

"அண்ணே, அவரை விடு. இன்னும் ஒரே ஒரு டீம்தான் இருக்கு. ஜெயிச்சுரலாம்" என்றார் தம்பி.

"நீ ஜெயிடா. சார் அங்க தனியாக் கெடக்காரு" என்றபடி பிங் சார் மறைவிலிருந்து எழுந்து ஓடி வர ஆரம்பித்தார். நாலு பக்கமும் குண்டுகள் பறந்தன. "அசையாதீங்க சார், வந்துட்டேன்… இதோ வந்துட்டேன்…"

நான் அசையவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் விழுந்தே கிடக்கலாம் போலிருந்தது.