நாவல் பழமும் ஒரு கரண்டி சீனியும்

வாயை மூடிக்கொண்டு கேசரியை நீட்டியிருந்தால் என் கல்யாண நிச்சயம் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் எனக்கு அப்போது அறிவு அதிகம்.

எண்பதுகளின் நடுவில், கோலசிலாங்கூரில் ஒரு கிளினிக்கில் மருந்துப் பொட்டலங்களின் மேல் ‘மூன்று வேளை’ என்று எழுதும் வேலையில் இருந்தேன். (பாதி டாக்டர் என்று நானே முடிவு செய்திருந்தேன்.) அங்கே கிடந்த பழைய பத்திரிகை ஒன்றில், கறுநிறப் பழங்கள் வயிற்றிலுள்ள நல்ல கிருமிகளுக்குத் தீனி, உடம்பில் சர்க்கரைகூடக் கட்டுப்படலாம் என்று படித்தேன். அடுத்த பக்கத்தை யாரோ கிழித்திருந்தார்கள்.

அதே வாரம் சுங்கை சோவிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பள்ளி ஆசிரியர். அவரை ஒரு கல்யாணத்தில் ஏற்கெனவே பார்த்திருந்தேன், ரொம்பப் பிடித்திருந்தது. இந்தச் சம்பந்தம் தவறியிருந்தால் அழுதே செத்திருப்பேன். அவருடைய அப்பா தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி, இனிப்பு நீர்க்காரர், அதாவது சர்க்கரை வியாதி. வருங்கால மாமனாரின் உயிரைக் காப்பது என் கடமை அல்லவா? அம்மா கிண்டிய கேசரியைச் சட்டியோடு பக்கத்து லயத்து வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, காலையில் பொறுக்கிய நாவல் பழத்தில் உப்புத் தூவித் தட்டில் கொண்டுபோனேன்.

கிராணி தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “இனிப்பு இல்லையாம்மா?”

“உங்களுக்கு ஆகாது மாமா. இது உங்க வயித்துல இருக்கிற கிருமிக்கு நல்லது.”

“என் வயித்துல கிருமியா?”

“கோடிக்கணக்குல இருக்கு மாமா,” என்றேன் பெருமையாக.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் இனிப்பு வைக்காவிட்டால், ‘எங்களுக்கு இஷ்டமில்லை, கிளம்புங்கள்’ என்று பொருள். பத்திரிகையில் இதைப் போடவில்லை.

கிராணி துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். “சரி லா, புரிஞ்சிருச்சு. டேய், எந்திரி, போவோம்.”

மாப்பிள்ளை மட்டும் எழவில்லை. வெட்கத்தில் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தட்டையே பார்த்து, முக்கால்வாசியைத் தின்று தீர்த்திருந்தார்.

“இன்னும் கொஞ்சம் இருக்குப்பா,” என்றார். பல், நாக்கு, உதடு எல்லாம் ஊதா. வெள்ளைச் சட்டையிலும் இரண்டு சொட்டு.

முதலில் சிரித்தது கிராணிதான். என் உயிர் அப்போதுதான் திரும்பி வந்தது. அம்மா அடுக்களைக்கு ஓடிச் சீனி டப்பாவோடு வந்தார். ஆளுக்கு ஒரு கரண்டி; இனிப்பு வைத்தாயிற்று, நிச்சயமும் ஆயிற்று. இனிப்பு நீர்க்கார மாமாவும் நாக்கை நீட்டி வாங்கிக்கொண்டார். (ஊட்டியது நான்தான். அவருடைய கிருமிகளிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.) பிறகு மீதிப் பழத்தை எல்லாரும் சேர்ந்து தின்றோம். அதனால் அன்று எடுத்த படத்தில் இரு வீட்டாரும் உதட்டை இறுக மூடிக்கொண்டு, இழவுக்கு வந்தவர்கள்போல நிற்கிறோம்.

போன மாதம் என் மகள் ஒரு சின்ன டப்பாவில் புளூபெர்ரி வாங்கி வந்தாள். “அம்மா, இது குடல்ல இருக்கிற நல்ல பாக்டீரியாவுக்கு...” என்று ஆரம்பித்தாள்.

என் கணவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அதெல்லாம் சரி லா. மொதல்ல சீனி எங்க?” என்றார்.