முப்பத்தாறு டிக்கெட்

ஆடிப் பதினெட்டு அன்று காலை பதினொரு மணிக்கு, பூஜை அறையில் ஒரு காலண்டர் ஆல்பம் மிச்சம் இருப்பதைப் பார்த்ததும் ஆவுடைத்தாய் காலையில் கொடுத்ததை எல்லாம் விரல் விட்டு எண்ணினாள்.

மிச்சம் இருக்கக் கூடாது. சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற எல்லாரையும் போல அவர்கள் வீட்டிலும் ஆடிப் பதினெட்டுக்குத்தான் அடுத்த வருசத்து டிசைன் ஆல்பங்களைச் சாமி முன்னால் அடுக்கி, பொட்டு வைத்து, ஏஜென்டுகளிடம் கொடுப்பார்கள். ஆவுடைத்தாய் கைராசிக்காரி என்று பேர் வாங்கியவள். அதனால் விடிகாலையில் குளித்து முழுகி, பன்னிரண்டு ஏஜென்டுக்கும் அவள் கையாலேயே பன்னிரண்டு ஆல்பம் கொடுத்து அனுப்பியிருந்தாள். அடித்ததே பன்னிரண்டுதான். அப்படியானால் கொடுத்ததில் ஒன்று வேறு ஆல்பம்.

அது அவள் வீட்டுக்காரர் அய்யாதுரையின் டிக்கெட் ஆல்பம்.

அய்யாதுரை பிரஸ் முதலாளி என்பதெல்லாம் ஊருக்கு. உள்ளுக்குள் அவர் கேலரியில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்துகிற ஆள். சாத்தூரில் கபடி, ஆமத்தூரில் வாலிபால், கோவில்பட்டியில் ஹாக்கி, சென்னையில் கிரிக்கெட் என்று எங்கே ஆட்டம் நடந்தாலும் கிளம்பிவிடுவார். வாசலில் கிழித்துக் கொடுக்கிற பாதி டிக்கெட்டைப் பொத்திக் கொண்டுவந்து, ஒரு பழைய காலண்டர் ஆல்பத்தின் கண்ணாடிப் பைக்குள் செருகி வைப்பார். மொத்தம் முப்பத்தாறு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஆட்டத்தையும் முதலிலிருந்து சொல்லுவார். அடுக்களையில் இருந்தபடி அவள் கேட்டாக வேண்டும்.

ஆவுடைத்தாய்க்கு அந்த ஆல்பம் சக்களத்தி. இந்த நாற்பது வருசத்தில் அதை அவள் ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. கல்யாணமாகி மூன்றாவது வாரம் சாத்தூர் கபடிக்குப் போனவர் அவர். போகும்போது அடுக்களை வாசலில் வந்து நின்றார். என்னவோ சொல்லப் போகிறார் என்று பார்த்தால், போயிட்டு வரட்டா என்று மட்டும் கேட்டார். உள்ளே மாமனார் இருமிக்கொண்டிருந்தார். போங்க, யாரு பிடிச்சு வச்சா என்று இவள் சொன்னாள். அதற்கப்புறம் முப்பத்தைந்து தடவை அதே வாசல், அதே கேள்வி, அதே பதில். ஒரு தடவையாவது நீயும் வாறியா என்று கேட்கத் தோன்றவில்லையே இந்த மனுசனுக்கு என்பது அவளுடைய நாற்பது வருச வயிற்றெரிச்சல்.

ஆனால் இப்போது வயிற்றெரிச்சலுக்கு நேரமில்லை. கண்ணில் புரை விழுந்து ரெண்டு வருசமாக அய்யாதுரைக்கு எழுத்து மங்கிவிட்டது. ஆபரேசன் என்றாலே ஓடி ஒளிகிறவர், டிக்கெட்டில் தேதி தெரியவில்லை என்றதும்தான் சம்மதித்தார். மகன் மணிகண்டராஜ் மதுரைக்குக் கூட்டிப் போயிருந்தான். நாளைச் சாயங்காலம் வீடு திரும்புகிறார்கள். கிளம்பும்போது அவர்தான் ஆல்பத்தைச் சாமி முன்னால் வைத்தார். கண் தெரிந்ததும் முதலில் இதைத்தான் பார்ப்பேன் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

“ஏன், எம் மூஞ்சியப் பாக்கக் கூடாதாக்கும்?” என்று அப்போதே கேட்டாள். மனுசன் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

ஒவ்வொரு ஏஜென்டுக்காகப் போன் போட்டாள். ஆறாவது ஆள் லட்சுமிகாந்தம். அவன் உசிலம்பட்டியில் இருந்தான்.

“மதினி, உங்க கைராசியே ராசி. மொதக் கடையிலயே ஆயிரம் காலண்டர் ஆர்டர். டிக்கெட் டிசைன் போட்டிருக்கோம்னு நீங்க சொல்லவேயில்லையே?”

கடைக்காரர் பேர் ஒச்சப்பன், உரக்கடை வைத்திருக்கிறார். சின்ன வயதில் கபடி ஆடியவராம். ஆல்பத்தைத் திறந்ததும் அவர் ஆடிய சாத்தூர் ஆட்டத்து டிக்கெட்டே கண்ணில் பட்டுவிட்டது. இதே மாதிரி காலண்டர் வேண்டும், அதுவரைக்கும் ஆல்பம் என் கடையில் இருக்கட்டும் என்று மேஜை டிராயருக்குள் வைத்துப் பூட்டிவிட்டாராம்.

நடந்ததை நடந்தபடி சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் லட்சுமிகாந்தத்திடம் ஒன்றைச் சொல்வதும் பஸ் ஸ்டாண்டில் மைக் கட்டிச் சொல்வதும் ஒன்று. மதியத்துக்குள் சேதி மதுரைக்குப் போய்விடும். அதனால் அவள், அந்த டிசைன் தீர்ந்துபோய்விட்டது, ஆல்பத்தைத் திருப்பி வாங்கு என்றாள்.

தீர்ந்துபோகிற அளவுக்கு ஓடுகிற டிசைனா என்று ஒச்சப்பன் ஆர்டரை ஆயிரத்தைந்நூறு ஆக்கினார்.

அடுத்து அவளே அவருக்குப் போன் போட்டு, அந்த டிசைனுக்கு ராசி இல்லை, போன வருசம் அதை வாங்கிய கடைகளில் வியாபாரம் படுத்துவிட்டது என்றாள். ஒச்சப்பன் ராசி பார்க்கிற ஆள் இல்லை. இப்படி உள்ளதை உள்ளபடி சொல்கிற கம்பெனியை நான் பார்த்ததே இல்லை என்று நெகிழ்ந்துபோய் ரெண்டாயிரம் ஆக்கினார். ஞாயிற்றுக்கிழமை பழைய டீம் ஆட்களுக்கெல்லாம் ஆல்பத்தைக் காட்டப் போவதாகவும் சொன்னார்.

இனி வாயைத் திறந்தால் மூவாயிரம் ஆகிவிடும் என்று ஆவுடைத்தாய் போனைக் கீழே வைத்தாள். நேரே பிரஸ்ஸுக்குப் போனாள்.

மெசின்மேன் முனியராஜ் அங்கே முப்பது வருசமாக இருப்பவர். விசயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“காலண்டர் அடிக்கச் சொல்லுங்க, அடிக்கேன். கள்ள டிக்கெட் அடிக்கச் சொல்றீகளேக்கா.”

“ஆட்டம் முடிஞ்சு எம்புட்டு வருசமாச்சு. இதக் காட்டி எவன் உள்ள போகப் போறான்? அடிங்க.”

கையால் கோக்கிற பழைய அச்சு எழுத்துகளும் மூலையில் கிடந்த, காலால் மிதித்து ஓட்டுகிற டிரெடில் மெசினும் அன்றைக்கு வெளியே வந்தன. முனியராஜ் எழுத்துக் கோத்தார், ஆவுடைத்தாய் சொல்லச் சொல்ல. முதலில் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். அப்புறம் தண்ணீர் மாதிரி வந்தது. சாத்தூர் கபடி, கிழக்குக் கேலரி, பனங்கட்டை முறிந்து அவர் கடலைக் கூடை மேல் விழுந்த ஆட்டம். கோவில்பட்டி ஹாக்கி அரையிறுதி, மழையில் ஒற்றைச் செருப்போடு வந்து சேர்ந்தார். சென்னை கிரிக்கெட், ஜி ஸ்டாண்ட், விடியக் காலையில் வரிசையில் நின்று வெயிலில் மயங்கியவர் மூஞ்சியில், பக்கத்தில் நின்ற ஆள் சோடா தெளித்தார். ஆமத்தூர் வாலிபாலில் கடைசிப் புள்ளிக்கு விளக்கு அணைந்துபோக, ஊரே லாந்தரும் டார்ச்சும் பிடித்து ஆட்டத்தை முடித்து வைத்தது.

“நீங்களும் கூடப் போயிருந்தீகளாக்கா?” என்றார் முனியராஜ்.

“எங்க போனேன்?” என்றாள். போகாத ஆட்டம் முப்பத்தாறும் தனக்கு மனப்பாடம் என்பது அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தக் குரல், அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்திருக்கின்றன. அதற்காக அவர் செய்தது சரியென்று ஆகிவிடாது என்றும் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அடித்த டிக்கெட்டை எல்லாம் ஒவ்வொன்றாகக் கிழித்தாள். பழசாகத் தெரியட்டும் என்று டீத்தண்ணீரில் முக்கி மொட்டை மாடியில் காயப்போட்டாள். ஆடி மாதம் மொட்டை மாடியில் காகிதம் காயப்போடுகிற ஆள் சிவகாசியிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். வீசிய காற்றில் சாத்தூர் கபடி தெருமுனைக்குப் போனது. கோவில்பட்டி ஹாக்கி பக்கத்து வீட்டுக் குருவம்மாளின் வத்தல் மேல் போய் ஒட்டிக்கொண்டது. குருவம்மாள் அதை எடுத்துக்கொண்டு வந்து, எங்கே ஆட்டம், பொம்பளைகளுக்கு உண்டா என்று விசாரித்தாள். தெருவெல்லாம் ஓடிப் பொறுக்கியதில் முப்பத்தொன்று தேறியது. மீதி ஐந்தை முனியராஜ் திரும்ப அடித்தார். அவர் முணுமுணுத்ததை எழுத முடியாது.

குடோனில் அதே மாதிரி ஒரு பழைய ஆல்பம் கிடைத்தது. கடைசி டிக்கெட்டைச் செருகவும் வாசலில் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

அய்யாதுரை கறுப்புக் கண்ணாடியோடு இறங்கினார். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றி, முதலில் அவள் மூஞ்சியைத்தான் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நல்லாத் தெரியுது” என்றார்.

அவளுக்கு அதுவே போதும் போல இருந்தது. ஆனாலும் ஆல்பத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தூணோரம் நின்று நகத்தைக் கடித்தாள். அவர் முதல் டிக்கெட்டைப் பார்த்தார். தேதி சரி, கேலரி சரி. சிரித்தார். அப்புறம் கண்ணாடிப் பைக்குள் விரலை விட்டு டிக்கெட்டுக்குப் பின்னால் தடவினார். சிரிப்பு நின்றுவிட்டது. ரெண்டாவது பைக்குள் தடவினார். மூன்றாவது, நான்காவது. பத்தாவதுக்கு மேல் புரட்டாமல் ஆல்பத்தை மூடினார்.

“என்ன, எதும் கொறையுதா?” என்று கேட்டாள்.

“ஒண்ணும் கொறையல. எல்லாம் இருக்கு” என்றவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். காப்பி ஆறிப்போனது. ஆபரேசன் பண்ணிய கண் கலங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது கலங்கியது.

ஆவுடைத்தாய்க்குப் பொறுக்கவில்லை. என்ன தப்பு வந்தது என்று அவளுக்கு விளங்கவேயில்லை. எது எப்படியோ, உண்மையைச் சொல்லிக் காலில் விழுந்துவிடலாம் என்று வாயெடுத்தபோது போன் அடித்தது. அவளுக்கு எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வரும்.

ஒச்சப்பன் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

“தாயி, ஒரு சந்தேகம். ஒவ்வொரு கிழிச்ச டிக்கெட்டுக்குப் பின்னாலயும் அதே ஆட்டத்துக்குக் கிழிக்காத டிக்கெட் ஒண்ணு இருக்கு, பக்கத்து சீட்டு நம்பர். முப்பத்தாறுலயும் ஆவுடைத்தாய்னு பேர் எழுதியிருக்கு. அதையும் காலண்டர்ல சேத்து அடிச்சிருவீகள்ல?”