கட்டை வாத்தியாரின் நிற்கிற படிப்பு

மனிதனுக்கு நிற்கச் சொல்லிக் கொடுக்கப் பள்ளிக்கூடம் வைத்த ஆசாமி இந்தப் பூலோகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் ஜெயமங்கலத்தில் இருந்தார். காசியில் வேதம் சொல்லித் தருகிறார்கள். சென்னப்பட்டணத்தில் பி.ஏ. வரைக்கும் சொல்லித் தருகிறார்கள். ஆடாமல் அசையாமல் நிற்பதற்கு யாராவது சொல்லித் தருகிறார்களா? கட்டை வாத்தியார் சொல்லித் தந்தார். மூன்று மாதப் படிப்பு. நான் அதில் தேறியவன்.

சிரிக்காதீர்கள். மலைமேல் அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அங்கேயிருந்து வரப்போகிற தண்ணீருக்கு வாய்க்கால் வெட்ட, கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க மேடு பள்ளம் பார்த்துக்கொண்டு திரிந்தார்கள் சர்வே துரைமார்கள். துரை ஓரிடத்தில் முக்காலி மேல் கண்ணாடிக் குழாயை வைத்துப் பார்ப்பார். தூரத்தில் ஒரு ஆள், இரண்டு ஆள் உயரத்துக்குக் கறுப்பும் சிவப்புமாக எண் போட்ட மரக்கட்டையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கட்டை ஒரு விரற்கடை சாய்ந்தாலும் கணக்கு கோணலாகிவிடும். அந்த ஆளுக்குக் கலாசி என்று பெயர். அன்றைக்கு இந்தப் பக்கத்தில் கலாசிக்கு இருந்த கிராக்கி மாப்பிள்ளைக்குக்கூடக் கிடையாது.

எங்கள் வாத்தியார் பதினொரு வருஷம் வடக்கே ஒரு சர்வே கோஷ்டியில் கட்டை பிடித்தவர். ஊர் திரும்பியதும் களத்துமேட்டில் வகுப்பு ஆரம்பித்துவிட்டார். ஆறு மாணாக்கர்கள். எல்லாரும் கல்யாணமானவர்கள். ஒரு பனஞ்சட்டத்துக்குக் கரியும் காவியும் பூசி அதையே அளவுக்கட்டை என்றார். காலை வெயிலில் ஒரு நாழிகை நிற்பது முதல் பாடம். எறும்புப் புற்றுப் பக்கத்தில் நிற்பது இரண்டாம் பாடம். எறும்பு ஏறும்போது முகத்தைச் சுளித்தால் மறுபடி முதல் பாடம். நான் முதல் பாடத்தை ஒன்பது தடவை படித்தேன்.

என் மாமனார் தினமும் வரப்பில் நின்று இந்தக் கூத்தைப் பார்ப்பார்.

"நிக்கிறதுக்கு எதுக்கு மாப்ள படிப்பு? எங்க வீட்டு எரும படிச்சிட்டா நிக்குது?" என்பார்.

அவர் வேறு ஏற்பாடு செய்து வைத்திருந்தார். கண்டித் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற கங்காணியிடம் என் பெயரைச் சொல்லியாகிவிட்டது. ஆடி முடிவதற்குள் சர்க்கார் வேலை கிடைத்தால் சரி, இல்லையென்றால் கண்டிக்குக் கப்பல் ஏற வேண்டியதுதான். என் பெண்டாட்டிக்கு அப்போது ஏழாம் மாதம். கண்டிக்குப் போனவர்கள் திரும்பி வந்த கதை எங்கள் ஊரில் ரொம்பக் கம்மி. நான் வகுப்புக்குப் புறப்படும்போதெல்லாம் அவள் கேழ்வரகுக் களியை இரண்டு உருண்டை கூடுதலாக வைத்தாள்.

இதற்கிடையில் கிணற்றடிச் சோளம் போட்டிருந்த சம்சாரி ஒருவர் வந்து, கதிர் வாங்கிவிட்டது, குருவி விரட்ட இரண்டு பேரை அனுப்ப முடியுமா என்று வாத்தியாரைக் கேட்டார். நையாண்டிதான். எங்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வாத்தியாரோ வெகு மரியாதையாகச் சம்மதித்து ஆறு பேரையுமே சோளக்காட்டில் கொண்டுபோய் நட்டுவிட்டார். நாங்கள்தான் அசையக் கூடாதே. முதல் நாள் குருவிகள் யோசித்தன. இரண்டாம் நாள் எங்களில் ஒருவனான சூசையின் கட்டை மேல் உட்கார்ந்தன. மூன்றாம் நாள் சூசையின் தலைமேலேயே உட்கார்ந்து கதிரைத் தின்றன. சம்சாரி சாட்டைக்கம்போடு எங்களை விரட்டினார். வாத்தியாருக்குச் சூசையை நினைத்து ஒரே பெருமை. ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

படிப்பு முடிகிற அன்று ஒரு பெரிய ரகசியத்தைச் சொல்லப்போவதாக எங்களை உட்கார வைத்தார். முன்னொரு நாள் துரை சாப்பிடப் போன சமயத்தில், இவர் அந்தக் கண்ணாடியில் திருட்டுத்தனமாகக் கண்ணை வைத்துப் பார்த்திருக்கிறார். மலை, மரம், மாட்டுவண்டி எல்லாமே தலைகீழாகத் தெரிந்ததாம். கட்டை பிடிக்கிற ஆளும் தலைகீழாகத்தான் தெரிவான் என்றார். படிப்பு என்றால் முழுசாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

வெகு நேரம் யோசித்துவிட்டுச் சூசைதான் கேட்டான்.

"வாத்தியாரையா, ஆளு தலகீழா தெரிஞ்சா வேட்டி என்னாகும்?"

பாவம், வாத்தியார் அதை யோசித்ததே கிடையாது. பதினொரு வருஷம், அதுவும் வேட்டியோடு, அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்ற மனுஷர்! "இறுக்கிக் கட்டிக்கங்கடா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

வயலில் கோவணத்தோடு நிற்க வெட்கப்படுகிறவர்கள் இல்லை நாங்கள். ஆனாலும் துரை முன்னால் போகிறோமே என்று வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு போய், அது துரை கண்ணெதிரே கழுத்துக்கு இறங்குவதென்றால் யாருக்குத்தான் மனசு வரும்?

இரண்டு நாள் நடந்து கூடலூர் முகாமுக்குப் போனோம். வாத்தியாரும் தன் வெளுத்த வேட்டியோடு கூட வந்தார். கணவாயிலிருந்து இறங்குகிற ஆடிக் காற்று ஆளைத் தள்ளியது. முதலில் சூசை. குருவிக்கு அசையாத சூசை, துரை கண்ணாடியில் கண்ணை வைத்ததும் ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டான். கட்டை சாய்ந்தது. ஓவர்சியர் கொடியை ஆட்டிப் போகச் சொல்லிவிட்டார். இரண்டாமவனும் அப்படியே. மூன்றாமவன் வேட்டியைத் தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு நெளிந்தான். நாலாமவன் இரண்டு கையாலும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு கட்டையைக் கீழேயே போட்டான். ஐந்தாமவன் மகா கெட்டிக்காரன், கட்டையோடு உட்கார்ந்துவிட்டான். துரை வெறுத்துப்போய் முக்காலியை மடக்கச் சொன்னார். இன்னும் ஒருத்தன் பாக்கி என்று ஓவர்சியர் கெஞ்சி நிறுத்தினார். அந்த ஒருத்தன் நான்.

கட்டையை நிமிர்த்தினேன். துரை குனிந்தார். என் இடது கை தானாக இடுப்புக்குப் போனது. கண்டிக் கப்பல் கண்ணுக்குத் தெரிந்தது. வீட்டில் இருப்பவளின் முகம் தெரிந்தது. கையை எடுடா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கை கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பின்னால் யாரோ ஓடி வருகிற சத்தம். ஓவர்சியர் தூரத்திலிருந்து கத்தினார். கட்டை வாத்தியார் வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்று, என் இடுப்புக்கு இரண்டு பக்கமும் கையை நீட்டி வேட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே, கட்டைய நீ பிடி. வேட்டிய நான் பாத்துக்கிறேன்."

இரண்டு கையும் கட்டைக்கு வந்தன. காற்று அடித்தது, கட்டை அசையவில்லை. துரை கண்ணாடியில் பார்த்தார், தலையைத் தூக்கி நேரில் பார்த்தார், மறுபடி கண்ணாடியில் பார்த்தார். அவர் தோள் குலுங்குவது அங்கிருந்தே தெரிந்தது. ஆனால் எண்ணை வாசித்துவிட்டார். விஷயத்தை விசாரித்துத் தெரிந்துகொண்டதும், மற்ற ஐந்து பேருக்கும் கலாசிக் கால்சட்டையைக் கொடுத்து நிற்கச் சொன்னார். ஐந்து பேரும் அடித்து வைத்த முளைக்குச்சியாக நின்றார்கள். ஆறு பேருக்கும் வேலை. வாத்தியார் தனியாக ஊருக்கு நடந்தார்.

என் மகன் பிறந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

நாலைந்து வருஷம் கழித்து ஓவர்சியர் ஒருநாள் நல்ல குஷியில் இருந்தார். என்னைக் கூப்பிட்டுக் கண்ணாடியில் பார்க்கச் சொன்னார். மலை தலைகீழாக இருந்தது. அதில் கட்டை பிடித்த, கால்சட்டை இன்னும் கிடைக்காத புது ஆளும் தலைகீழாகத்தான் இருந்தான். அவன் வேட்டி மட்டும் பத்திரமாக அவன் காலோடேயே இருந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

வாத்தியாருக்கு இது தெரியாதே. தன் வேட்டியும் விழும் என்றுதானே அவர் நம்பிக்கொண்டிருந்தார். அத்தனை பேர் பார்க்க, துரையின் கண்ணாடிக்கு முன்னால், அவருடைய இரண்டு கைகளும் என் வேட்டியில்தான் இருந்தன.