பெயர் விடுபட்ட மாமாவுக்கு

ஆனைக்கரை,
சனிக்கிழமை.

மதிப்புக்குரிய சிலுவைராஜ் மாமாவுக்கு, உங்கள் மனைவியின் அண்ணன் மகள் பின்சி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மழை உட்பட யாவரும் நலம். அங்கே கப்பலும் அதிலுள்ளோரும் நலமாயிருக்க ஜெபிக்கிறோம். சந்தேகம் வேண்டாம், நான்தான். கோழி கிண்டியதுபோல் இருக்கிறது என்று நீங்கள் சிரித்த அதே கையெழுத்து.

முதலில் மன்னிப்பு. நவம்பரில் உங்களுக்கு வந்த அந்தப் பொய் மின்னஞ்சலை எழுதியது நான்தான். கப்பல் கம்ப்யூட்டர்களுக்குள் திருடர்கள் புகாமல் பார்ப்பது என் வேலை. அதற்கு நாங்களே திருடர்கள்போல் எழுதி, யார் ஏமாறுகிறார்கள் என்று சோதிப்போம். ‘சம்பள உயர்வு’ என்று அனுப்பினேன். ஒருவரும் தொடவில்லை, உயராது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. “நிஜத் திருடன் ஆளைத் தெரிஞ்சு வச்சிருப்பான், நீயும் யோசி” என்றார் மேலதிகாரி ராஜசேகர் சார். யோசித்தேன். திருநாளன்று நம் மாதா கோயிலில் கடலில் இருப்பவர்களின் பெயரை வாசித்து ஜெபிப்பார்கள் அல்லவா? ‘அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் விடுபட்டுள்ளது, கடவுச்சொல் கொடுத்துச் சேர்க்கவும்’ என்று எழுதினேன். வேறொருவன் இதையெல்லாம் யூகிக்க வேண்டியிருக்கும். அந்த ஜெபத்தை நம்பித்தான் கப்பல் ஏறுகிறேன் என்று எனக்கு நீங்களே சொல்லியிருந்தீர்கள்.

நீங்கள் மட்டும் ஏமாந்திருந்தால் அதோடு போயிருக்கும். எங்க ஊர் மாதாகிட்ட கேட்டது கிடைக்கும்னு சொல்லி கேப்டன் முதல் எஞ்சின் அறை வரை எல்லோரையும் கூட்டிவந்து பெயர் சேர்க்க வைத்தீர்கள். இருபத்திரண்டு பேரில் இருபத்தொருவர் தோல்வி. மிச்சம் ஒருவர், தூங்கிக்கொண்டிருந்த சமையல்காரர்; பாராட்டுப் பத்திரம் அவருக்குப் போனது. மற்றவர்களுக்கு இன்டர்நெட் நிறுத்தம், கட்டாயப் பயிற்சி. அந்தப் பாடங்களை எழுதியதும் நான்தான். நீங்கள் அவற்றை இவ்வளவு நன்றாகப் படிப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை.

ஜோமோளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது மாமா. நீங்கள் தாத்தா ஆகி முப்பத்தாறு நாளாகிறது. நான்கு முறை மின்னஞ்சலில் எழுதினேன். நான்கையும் நீக்கிவிட்டு நீங்கள் அனுப்பிய புகார் என் மேஜைக்கே வந்தது: ‘குடும்பப் பாசத்தைத் தூண்டும் மோசடி.’ பயிற்சியில் இந்தப் பதிலுக்குப் பத்துக்குப் பத்து மதிப்பெண். போட்டேன். கேப்டனுக்கு எழுதினேன், அவரும் நீக்கிவிட்டார். கடைசியில் அத்தை கப்பலின் சாட்டிலைட் போனுக்கே கூப்பிட்டார்கள். குரலையும் போலியாகச் செய்யலாம் என்பது என் ஆறாம் பாடம். போனை வைத்துவிட்டு அத்தை பொரிந்தது அப்படியே:

“மனுசன் என்ன கேக்காரு தெரியுமாட்டி? ‘நீ புஷ்பமேரிதானா, நம்ம நாய் பேரச் சொல்லு’ங்காரு! இருவத்தாறு வருசம் கஞ்சி வச்சுக் குடுத்தவளுக்கு நாய் பேருதான் அத்தாட்சியா? வச்சிட்டேன் போன. நாய் பேரு எனக்கு மறந்துபோச்சு, அது வேற விசயம்.”

முதல் பேரப்பிள்ளைக்கு நான்தான் பெயர் வைப்பேன் என்று சொல்லிவிட்டுக் கப்பல் ஏறினீர்கள். அப்பா சொல்லாமல் பெயர் இல்லை என்று ஜோமோள் ஒரே பிடிவாதம். இருபத்தெட்டாம் தேதி ஞானஸ்நானம். எத்தனை நாளைக்கு பாப்பா பாப்பான்னே கூப்பிடுறது என்று பங்குச் சாமியார் கேட்கிறார். உங்கள் பெயர் விடுபட்டது பொய். இவளுக்குப் பெயர் இல்லாதது நிஜம், அதற்குக் காரணம் நான். கம்ப்யூட்டரை நம்பாதவர் காகிதத்தையாவது நம்புவார் என்று இதைக் கையால் எழுதுகிறேன். ஒரே ஒரு பெயர், மாமா.

அத்தை கோபத்தோடு தன் அன்பைச் சொல்லச் சொன்னார்கள். மாதா உங்களைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
வருத்தத்துடன்,
பின்சி

பி.கு.: துறைமுக ஏஜென்டைக் கூப்பிட்டேன். உறைக்குள் பென் டிரைவ் ஒளித்து வைப்பார்கள் என்பதால் இனி எந்தக் கடிதமும் கப்பல் ஏறக் கூடாதாம். ஸ்கேன் செய்து மின்னஞ்சலில்தான் அனுப்புவார்களாம். புது விதி. எழுதியவள் நான், போன மாதம். ஆகவே இந்த வரியை நீங்கள் படிக்கிறீர்கள் என்றால், தெரியாத மின்னஞ்சலை இரண்டாம் முறையும் திறந்துவிட்டீர்கள். இந்தத் தடவை யாரிடமும் சொல்ல மாட்டேன். பெயரை அனுப்புங்கள்.